நீல மூடி

மார்ச் 4

வாயாடிக்கு,

போனில் கூப்பிடாதே. நீயும் நானும் போனில் பேசினால் என்ன ஆகும் என்று போன வாரமே பார்த்துவிட்டோம். நான் கத்தினேன், நீ அழுதாய், உன் அண்ணன் நடுவில் புகுந்து "ரெண்டு பேருமே நல்லவங்கதான்" என்று சொல்லி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். தவிர, விசாரணை முடியும்வரை இந்த விஷயத்தைப் போனில் பேச வேண்டாம் என்று தொழிற்சங்கத்துக்காரர் சொல்கிறார். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது. கடிதத்தில் அழுதால் எனக்குக் கேட்காது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அன்று எனக்குக் காலை ஷிப்டு, நான்காம் தொட்டி. கோழித் தீவனத்தில் கலக்கிற சத்துப்பொருளை எங்கள் தொழிற்சாலையில் பாக்டீரியாதான் செய்கிறது. அதற்குச் சர்க்கரைப்பாகு ஊட்டி, காற்று ஊதி, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்கிற ஆயா வேலைதான் எங்களுடையது. தொட்டி நன்றாக இருந்தால் காற்று மீட்டர் கீழேயே கிடக்கும். ஊதுகிற காற்றையெல்லாம் உள்ளே இருப்பவை தின்றுவிடும். அன்று மீட்டர் திடீரென்று மேலே ஏறியது. தின்ன ஆள் இல்லை என்று அர்த்தம். அப்புறம் நுரை. மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஏணி, தரை, என் செருப்பு என்று எல்லாவற்றையும் மூடியது. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தேன். சுண்ணாம்புக் கரைசல் போலக் கலங்கி வரவேண்டியது, அரிசி களைந்த மூன்றாம் தண்ணீர் போல வந்தது. மதியத்துக்குள் பக்கத்துத் தொட்டிகளும் அப்படியே போயின.

வைரஸ் என்கிறார்கள். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ். பைப்பை நீராவி விட்டுச் சரியாகக் கழுவாததால் உள்ளே வந்ததாம். எனக்கு சஸ்பென்ஷன். பைப் கழுவுகிற கான்ட்ராக்ட் பெண்கள் இரண்டு பேரை கேட்டுக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள்.

இப்போது நீ சொல். இந்த பாக்டீரியா உங்கள் ஆய்வகத்திலிருந்து வந்தது. வைரஸ் வந்தாலும் தாங்கும் என்றுதான் வாங்கினார்கள். அதன் உடம்புக்குள் இருக்கிற காவல்காரனை நீதான் படம் எடுத்தாய். அவன் அன்று எங்கே போயிருந்தான்?

அண்ணி

*

மார்ச் 11

அண்ணிக்கு,

முதலில் ஒன்று. நான் அன்று அழவில்லை, எனக்குச் சளி.

காவல்காரன் என்று நீங்கள் கேலியாக எழுதினாலும் அது கிட்டத்தட்ட சரி. வைரஸ் பாக்டீரியாவின் மேல் உட்கார்ந்து, தன் மரபுப்பொருளை ஊசி போடுவது போல உள்ளே செலுத்தும். பிறகு அந்த உடம்பையே பட்டறையாக்கித் தன்னைப் போலப் பல நூறு செய்துகொண்டு, வெடித்து வெளியே வரும். காவல்காரன் என்பது நான் படிக்கிற புரதம். அது சும்மா இருக்கும்போது உதிரி உதிரியாக மிதக்கிறது. வைரஸின் ஒரு துண்டு அதன்மேல் பட்டவுடன், நான்கு நான்காகச் சேர்ந்து வளையமாகிறது. வளையம் கூடியதும் அதன் வாய் திறக்கிறது. திறந்து யாரைக் கடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? வைரஸை இல்லை. அந்தச் செல் உயிரோடிருக்கத் தேவையான சத்தையே தின்று தீர்த்துவிடும். செல் செத்துப்போகும். வைரஸ் உள்ளே பாதி வேலையோடு மாட்டிக்கொள்ளும். பக்கத்துச் செல்கள் பிழைக்கும்.

மெல்லிய பனித்தகட்டில் அந்தப் புரதத்தை உறைய வைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லட்சக்கணக்கான மங்கல் நிழல்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்த வாயைக் கண்டுபிடித்தோம். எனக்கு அதன் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். உங்கள் வீட்டு அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்பதைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் அது வேலை செய்திருக்க வேண்டும். கோபப்படாமல் கேளுங்கள். வைரஸ் அளவுக்கு மீறி வந்தால் எந்தக் காவலும் நிற்காது. அந்தப் பெண்கள் பைப்புக்கு முழு நேரமும் நீராவி விட்டார்களா என்று நீங்களே ஒருமுறை விசாரித்தீர்களா? தப்பாக நினைக்க வேண்டாம், கேட்கத் தோன்றியது.

இன்னொன்று. நாங்கள் அனுப்பியது இரண்டு குப்பிகள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீலம். உங்கள் தொட்டியில் போனது எது? சிவப்பாகத்தான் இருக்கும். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உங்கள் வாயாடி

*

மார்ச் 17

வாயாடிக்கு,

தப்பாகத்தான் நினைத்தேன்.

அந்த இருவரில் ஒருத்தியை நெட்டை என்போம். மேல் வால்வை முக்காலி போடாமல் எட்டித் திறக்கிறவள் அவள் ஒருத்திதான். இன்னொருத்தி பாட்டு. மோட்டார் சத்தத்துக்கு மேலே பாடிக்கொண்டே இருப்பாள், ஒரு வரியும் யாருக்கும் கேட்டதில்லை. இரண்டு பேர் முழங்கையிலும் நீராவி பட்ட தழும்பு இருக்கிறது. சரியாகக் கழுவாதவளுக்கு எப்படித் தழும்பு வரும்? அன்று அவர்கள் வால்வைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சூடு ஏறியதையும் பார்த்தேன், இறங்கியதையும் பார்த்தேன். உன் மேனாட்டு நுண்ணோக்கி வேண்டாம், இந்த இரண்டு கண் போதும்.

எங்கோ ஒரு தொட்டி செத்தால் முதலில் கழுவுகிறவளைத்தான் கேட்க வேண்டும் என்று உனக்கும் தோன்றியிருக்கிறது பார். படித்த படிப்பு அப்படி.

மூடியைக் கேட்டாயே. நீலம். எனக்கு மட்டுமில்லை, வருகிற போகிற எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் அந்தக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். போன வருஷம் இரண்டையும் இரண்டு சின்னத் தொட்டிகளில் விட்டுப் பார்த்தோம். சிவப்பு சோம்பேறி. எதைக் கொடுத்தாலும் முனகிக்கொண்டே தின்றது. எங்கள் ஆட்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். உன் அம்மாவைச் சொல்லவில்லை. நீலம் புலி. ஊட்ட ஊட்ட வளர்ந்தது, சத்துப்பொருளும் கூடுதலாக வந்தது. மேனேஜர் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அதோடு பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார்.

ஏன், நீலத்துக்கு என்ன?

அண்ணி

*

மார்ச் 24

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். நெட்டையிடமும் பாட்டிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இல்லை, சொல்லாதீர்கள். அவர்கள் "யாரு அது?" என்பார்கள்.

நீலத்துக்குப் பல் இல்லை, அண்ணி.

அந்தப் புரதத்தைப் படமெடுக்க வேண்டுமானால் நிறைய வேண்டும். நிறையச் செய்யச் சொன்னால், செய்கிற பாக்டீரியாவையே அது கொன்றுவிடுகிறது. அதனால் எங்கள் துறையில் எல்லாரும் ஒரு வேலை செய்வார்கள். கடிக்கிற இடத்தில் புரதச் சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியை மாற்றிவிடுவார்கள். பல்லைப் பிடுங்குவது என்று சொல்வோம். பிறகு அது வைரஸை அடையாளம் காணும், வளையமாகக் கூடும், வாயைத் திறக்கும். கடிக்காது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றேதான்.

பல் உள்ளது சிவப்பு மூடி. எப்போதாவது வைரஸ் இல்லாமலே தவறிக் கடித்துவிடும், அதனால் மெதுவாக வளரும். அதுதான் அந்த முனகல். பல் இல்லாததற்கு அந்தத் தொல்லையே கிடையாது. அதை ஏன் அனுப்பினோம் என்றால், ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டிலும் வைரஸை விட்டால் நீலம் சாகும், சிவப்பு நிற்கும், வித்தியாசம் தெரியும் என்று. ஒப்பீடு இல்லாமல் எதையும் அனுப்பக்கூடாது என்று கூட்டத்தில் சொன்னதே நான்தான். பெருமையாகச் சொன்னேன்.

உங்கள் தொழிற்சாலைக்குள் வைரஸைக் கொண்டுவரக்கூடாது என்பது விதி. நல்ல விதி. அதனால் வைரஸை விடவே இல்லை. வளர்ச்சியை மட்டும் அளந்தார்கள், நன்றாக வளர்ந்ததை எடுத்துக்கொண்டார்கள். அவரவர் அவரவர் விதிப்படிதான் நடந்திருக்கிறோம்.

எங்கள் ஆய்வகப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்களுக்குத் தெரியும்மா. தொட்டி போன மறுநாளே நான் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமா வேலைக்காரங்க மேல பழி போடறாங்க?"

"அது அவங்க உள்விவகாரம்."

"அப்ப இனிமே சிவப்புக்கு மாறிடுவாங்களா சார்?"

"எதுக்கு? வருஷம் பூரா மெதுவா வளர்றதவிட, எப்பவாவது ஒரு தடவ தொட்டி போறது அவங்களுக்குக் கட்டுப்படியாகுது. கணக்குப் போட்டுட்டாங்க."

"சார், அதுல எங்க அண்ணி இருக்காங்க."

அப்போதுதான் திரும்பினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு ஒப்பந்தத்தில் நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பதை நினைவுபடுத்தினார். கம்பெனி சம்மதம் இல்லாமல் குப்பி பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஜூலையில் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டியதும் அவர்தான்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பல் விஷயம் முழுவதையும் பாமரனுக்கும் புரிகிறபடி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விசாரணையில் கொடுங்கள்.

உங்கள் வாயாடி

*

ஏப்ரல் 5

வாயாடிக்கு,

கொடுத்தேன்.

விசாரணை அறை மாடியில். அவ்வளவு குளிர், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஜையில் பிஸ்கட் தட்டு. எனக்கு நீட்டவில்லை. விசாரிக்கிறவர் கம்பெனி வைத்த வக்கீல். மூக்குக் கண்ணாடியை இறக்கி உன் தாளை முழுவதும் படித்தார். நடுவில் இரண்டு முறை தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"நல்லா எழுதியிருக்காங்க. யாரு இவங்க?"

"விஞ்ஞானிங்க. அந்த ஆய்வகத்துலதான் வேலை."

"அது இல்லம்மா. உங்களுக்கு யாரு?"

"வீட்டுக்காரரோட தங்கச்சி."

"அதாவது நாத்தனார்."

"ஆமாங்க."

தாளைக் கீழே வைத்தார். "இத்தன வருஷமா வக்கீலா இருக்கேன். அண்ணிக்குச் சாதகமா சாட்சி சொல்ற நாத்தனார இன்னிக்குத்தான் பாக்குறேன்."

மேனேஜர் சிரித்தார். டைப் அடிக்கிற பையன் சிரித்தான். சங்கத்துக்காரரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், வாயாடி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சொந்தக்காரர் எழுதிய தாள் செல்லாதாம். ஆய்வகமே தன் முத்திரையோடு எழுதித் தரவேண்டுமாம். அதோடு விடவில்லை. "இத நான் பதிவு பண்ணா, இந்தப் பொண்ணு ஒப்பந்தத்த மீறிருச்சுன்னு கம்பெனி கேஸ் போடலாம். பதிவு பண்ணட்டுமா?" என்று மென்மையாகக் கேட்டார். நான் கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உன் வேலையாவது இருக்கட்டும்.

கீழே இறங்கும்போது மேனேஜர் படியில் நிறுத்தினார். இரண்டு பெண்களும் வால்வை நேரத்துக்கு முன்பே மூடியதை நான் பார்த்தேன் என்று ஒரு வாக்குமூலம் டைப் செய்து தயாராக இருக்கிறதாம். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையிலிருந்து ஷிப்டுக்கு வரலாம். போடாவிட்டால் மூன்று பேரும் வெளியே. "நீங்க போட்டாலும் போடாட்டாலும் அவங்க போறது போறதுதான்மா. நீங்க இருக்கீங்களா, இல்லையாங்கறதுதான் பாக்கி" என்றார். மிரட்டுகிற குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

உங்கள் ஆய்வகத்தில் முத்திரை போட்டுத் தருவார்களா? கேட்டுப் பார்.

அண்ணி

*

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

போடாதீர்கள்.

முத்திரை கேட்டேன். பேராசிரியர் நிர்வாக அலுவலகத்தைக் காட்டினார். அங்கே இருந்த அம்மாள் சட்டப் பிரிவைக் காட்டினார். சட்டப் பிரிவில் ஒரு இளைஞன், என் வயதுதான் இருக்கும், ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு "நீங்க இங்க வந்து இதக் கேட்டதா நான் எழுதிக்கல" என்றான். எனக்கு உதவி செய்கிறானாம்.

திரும்பி வரும் வழியில் தாழ்வாரச் சுவரில் நான் எடுத்த புரதப் படம். ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். வளையம் நீலத்திலும் வாய் மஞ்சளிலும். அன்று யாரோ விருந்தினர்கள் வந்திருந்தார்கள். "பாதுகாப்பின் இயந்திரம்" என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவர் என்னிடம் கைகுலுக்கினார். அதுவும் பல் பிடுங்கியதன் படம்தான். பல் இருப்பதை யாரும் படமெடுத்ததில்லை.

ஒரு அணு எங்கே நிற்கிறது என்று என்னால் சொல்ல முடிகிறது. இரண்டு பெண்களைக் கேட்டுக்கு உள்ளே நிற்க வைக்க முடியவில்லை. பத்திரிகைக்கு எழுதலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஜூலை, ஒப்பந்தம், அம்மா என்று வரிசையாக வந்து நிற்கிறது. நான் இப்படி எழுதிக்கொண்டு, நீங்கள் மட்டும் கையெழுத்துப் போடக்கூடாது என்பது எவ்வளவு அசிங்கம் என்று எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் போடாதீர்கள். அது பொய்.

உங்கள் வாயாடி

*

ஏப்ரல் 20

வாயாடிக்கு,

போட்டுவிட்டேன்.

உன் கடிதம் முந்தின நாளே வந்துவிட்டது. படித்துவிட்டுத்தான் போனேன். பொய் என்று எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை, நான் பக்கத்தில் நின்றவள். உன் அண்ணனைக் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ" என்றார். எனக்கு எது சரி என்று பட்டதோ அதை யாரும் கேட்கவில்லை. எது நடக்கும் என்பதைத்தான் கேட்டார்கள்.

சாமான் எடுக்க நெட்டையும் பாட்டும் உடைமாற்றும் அறைக்கு வந்தார்கள். நான் ஓடி ஒளியவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நெட்டை கேட்டாள். "நீங்களாக்கா எழுதிக் குடுத்தது?"

"அவங்க எழுதினது. நான் கையெழுத்துப் போட்டேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்களப் பத்தி என்ன போட்டிருக்கு?"

நான் சொன்னேன். வால்வை முன்பே மூடிவிட்டு அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்று. பாட்டு ஷூவைப் பைக்குள் திணித்துக்கொண்டே, "அந்தச் சத்தத்துல பேசவா முடியும்? அதாவது யோசிச்சு எழுதியிருக்கலாம்" என்றாள். நெட்டைக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. போகும்போது நெட்டை என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் பாக்டீரியாவாவது தன்னைக் கொன்று பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றுகிறது. இங்கே முறை வேறு. பக்கத்தில் இருப்பவளைக் கொடுத்துவிட்டு நாம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு படம் எடுத்து உங்கள் தாழ்வாரத்தில் மாட்டு.

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். இதற்குப் பதில் எழுதாதே.

அண்ணி

*

மே 9

அண்ணிக்கு,

எழுதாதே என்றீர்கள். இத்தனை நாள் எழுதவில்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பழைய இருப்பையெல்லாம் அழித்துவிட்டார்களாம், புதிதாக ஒரு குப்பி வேண்டுமாம். நீல மூடி என்று எழுத்திலேயே கேட்டிருக்கிறார்கள். பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஒப்பீட்டுக்கு மட்டும்னு தாள்ல பெரிசா போட்டு அனுப்பிடு. அப்புறம் நம்மள யாரும் கேக்க முடியாது" என்றார். பொட்டலம் கட்ட வேண்டியது நான்.

உறைபெட்டிக்கு முன்னால் நின்றேன். இரண்டும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. மூடியை மாற்றிப் போட ஒரு நிமிஷம் ஆகாது. சிவப்பில் இருப்பதை நீல மூடியோடு அனுப்பிவிட்டால் அடுத்த முறை வைரஸ் வரும்போது தொட்டி நிற்கும். யாரும் வெளியே போக வேண்டாம். என் வாழ்க்கையில் முதல்முறையாக என்னால் ஒன்று செய்ய முடியும் என்று தோன்றியது. மூடியைத் திருகித் திறந்தும் விட்டேன்.

அப்புறம்தான் நினைத்தேன். அது மெதுவாக வளரும். தொட்டி ஏன் மந்தமாக இருக்கிறது என்று கேட்பார்கள். பாகு சரியாக ஊட்டவில்லை, காற்று சரியாக ஊதவில்லை என்பார்கள். மீட்டருக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள். நீலத்தை அனுப்பினால் என்றைக்காவது ஒரு நாள் தொட்டி தண்ணீராகும். அன்றைக்கும் நிற்கப்போவது நீங்கள்தான். எதைக் கட்டினாலும் உங்கள் தலையில்தான் கொண்டுபோய் வைக்கிறேன்.

மூடியை மறுபடி இறுக்கி இரண்டையும் உள்ளே வைத்துவிட்டேன். பத்து நாள் தவணை கேட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். எதை வைக்கட்டும்?

உங்கள் வாயாடி

*

மே 16

வாயாடிக்கு,

வளர்வதையே அனுப்பு.

சிவப்பு வந்தால் எனக்குத் தினமும் திட்டு. நீலம் வந்தால் எப்போதாவது. நானும் அவர்கள் மாதிரியே கணக்குப் போடுகிறேன் பார். பாகு ஊட்டத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு எவ்வளவு நாள் இருக்க முடியும்? மூடியை மாற்றி ஏதாவது செய்து நீயும் மாட்டிக்கொள்ளாதே. உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. போன் செய்வதானால் ஞாயிற்றுக்கிழமை செய். அம்மா உன் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார்கள்.

நான்காம் தொட்டியைச் சுரண்டிக் கழுவிக் காயப்போட்டிருக்கிறோம். குப்பி வந்தால் தொடங்கிவிடுவோம்.

பைப் வேலைக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். மேல் வால்வுக்கு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறது. அவர்களில் சின்னவள் முதல் நாளே என்னிடம் வந்து, "உங்கள என்னன்னுக்கா கூப்பிடறது?" என்று கேட்டாள். இப்போது கூப்பிட்டாயே, அதுவே போதும் என்றேன். நல்ல பெண்கள். கவனமாக வேலை செய்கிறார்கள்.

அவர்கள் பேரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணி